டீ கொடுத்தவங்க செஞ்ச வைத்தியம்

1935, இங்கிலாந்து. சாட் வாரா அப்போதான் பாதிரியார் பணிக்கு வந்தவர். அவர் நடத்திய முதல் இறுதிச் சடங்கே ஒரு 14 வயசுப் பொண்ணுக்கு. முதல் மாதவிடாயைப் பால்வினை நோய்னு நினைச்சு, பயந்து, உயிரை விட்டவள். வாய்விட்டுக் கேட்க அவளுக்கு ஆளில்லை.

1953 நவம்பர்ல லண்டன் சர்ச் ஒண்ணுல, சாகணும்னு நினைக்கிறவங்களுக்காக ஒரு போன் வெச்சார். நேர்லயும் வந்தாங்க. அவரைப் பார்க்கக் காத்திருந்தவங்களுக்குத் தன்னார்வலர்கள் டீ கொடுத்து, பேசுறதைக் கேட்டாங்க. கவனிங்க, பலர் அவரைப் பார்க்காமலே மனசு லேசாகிக் கிளம்பிட்டாங்க! (டாக்டர்களுக்குக் கொஞ்சம் உறைக்கிற விஷயம்.) 1954ல பொறுப்பையே அந்தத் தன்னார்வலர்கள்கிட்ட கொடுத்துட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு உருவான கதை இது.

1986ல சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகாவும் இதே வழிதான்.

உங்க வீட்டுப் பிள்ளை ஒடுங்கிப்போனா, "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் வந்துடாது. ஆமான்னா திட்டாதீங்க, தனியா விடாதீங்க. 14416, 24 மணி நேரமும் எடுப்பாங்க.