மடத்துவெளியின் உவர்நிலமும் ஓர்ப்பூடும்

நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர் வேலணையைக் கடந்து, வாணர் பாலத்தின் வழியே புங்குடுதீவுக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் ஊர் மடத்துவெளி. குறிகட்டுவானில் படகைப் பிடிக்கும் அவசரத்தில் பலர் வீதியின் இருமருங்கையும் பார்ப்பதில்லை. நானும் பல தடவை அப்படித்தான் போயிருக்கிறேன்.

கடலோர உவர்த்தரையில் சிவந்த தண்டும் தடித்த இலையுமாகப் படரும் பூண்டு ஒன்று உண்டு. ஓர்ப்பூடு என்பர், வங்காரவாசி என்றும் சொல்வர். தாவரவியலார் இதற்கு வழங்கும் செசுவியம் போர்ட்டுலகாஸ்ட்ரம் என்ற பெயர் 1759இல் லின்னேயஸ் இட்டது. இளஞ்சிவப்பு நட்சத்திரம் போன்ற சிறு பூக்கள் பகலில் விரிந்து மாலைக்குள் மூடிக்கொள்ளும். சாறணைக்கு உறவான இதை நம்மவர்கள் களை என்றே ஒதுக்கி வந்தனர்.

1991 ஒக்டோபரில் இராணுவம் புங்குடுதீவைக் கைப்பற்றியபோது மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். இடப்பெயர்வைப் பற்றி அந்நாள்களில் நான் எழுதியவற்றில் குடும்பங்களின் தொகை இருந்தது; கைவிடப்பட்ட வீடுகள் இருந்தன; மண் இருக்கவில்லை. தீவகத்தில் நன்னீர் என்பது, நிலத்தடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய மழைநீர்ப் படலம். வரம்பு கட்டி மழையைத் தேக்குவதும், கடல்நீர் ஏறாமல் அணையைப் பேணுவதும், குளத்தைத் தூர்வாருவதும் ஆண்டுதோறும் மனிதர் செய்ய வேண்டிய வேலைகள். செய்வதற்கு ஆள் இல்லாவிடின் உப்பு முன்னேறும். இதைச் செய்தியாகக் கருத எனக்கு அப்போது தோன்றவில்லை.

பாக்குநீரிணையின் மறுகரையில் இந்தப் பூண்டை ஆராய்ந்திருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரவீந்திரனும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஓர்ப்பூடு 4 மாதங்களில் ஒரு ஹெக்டேர் உவர்நிலத்திலிருந்து 474 கிலோ உப்பை அகற்ற வல்லது. உமரியினத்துச் செடி ஒன்றுக்கு அவர்கள் கணித்த அளவு 504 கிலோ. எங்கள் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே பரப்புக்கு ஏறத்தாழ 12 கிலோ.

வளர்ப்பது எளிது. ஒரு சாண் நீளத் தண்டை வெட்டி, இரண்டு கணுக்கள் புதையுமாறு மாரி மழையின் ஈரத்தில் ஓரடி இடைவெளிவிட்டு ஊன்றினால் கணுவில் வேர்விடும். உவர்க்கிணற்று நீரே போதும். நிழல்தான் ஆகாது. கொடி படர்ந்து தரையைத் தொடும் ஒவ்வொரு கணுவும் மீண்டும் வேர்விடுவதால், முதல் நடுகைக்குப் பிறகு கன்றுக்கு அலைய வேண்டியதில்லை.

ஆனால் நட்டுவிட்டு நாளேட்டுக்குப் படம் பிடித்து அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். (மரநடுகை விழாக்கள் எத்தனையோ பார்த்தவன் நான்.) இந்தச் செடி உப்பை அழிப்பதில்லை, தன் இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அறுக்காமல் விட்டால் இலை உதிர்ந்து உப்பு அதே மண்ணுக்குத் திரும்பும். பருவந்தோறும் அறுத்து வயலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். இளந்தளிரை இருமுறை நீர் மாற்றி வேகவைத்துக் கீரையாக உண்ணலாம். வைக்கோலோடு சிறிதளவு கலந்து ஆட்டுக்கும் போடலாம். அணை உடைந்து கடல்நீர் ஏறிக்கொண்டிருக்கும் நிலத்தில் இந்த உழைப்பு முழுவதும் வீண். முதலில் அணை, பிறகுதான் பூண்டு.

சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் புங்குடுதீவார் ஊர்க் கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுத்தது சிறிதன்று. ஒருவர் என்னிடம், தம் தகப்பனார் நெல் விதைத்த பத்துப் பரப்பை விற்கவும் மனமில்லை, விதைக்கவும் வழியில்லை என்றார். அந்த நிலத்துக்குச் செலவாகப்போவது நடுகைக் கூலியும் நடுவதற்குத் தண்டும், பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை அரிவாளோடு இறங்க ஓர் ஆளும். முதல் இரண்டும் கிடைத்துவிடும். மூன்றாவதுக்கு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார்.