திருக்கோவலூர் யாத்திரையும் இடைகழியில் கிடைத்த இடமும்

குழுவாகச் சேர்ந்து தலயாத்திரை போவது தமிழ்நாட்டில் புதிய வழக்கம் அல்ல. இன்று "108 திவ்யதேசம்", "அட்டவீரட்டம்" என்று நோட்டீஸ் அடித்து, பேருந்தில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும் அடியார் கூட்டத்தோடுதான் ஊர் ஊராகச் சென்றார்.

இப்படிப்பட்ட குழுக்கள் தவறாமல் இறங்கும் ஊர்களில் ஒன்று திருக்கோவலூர். 2019ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. நடுநாட்டில் திவ்யதேசங்கள் இரண்டே இரண்டு. ஒன்று திருவஹீந்திரபுரம், மற்றொன்று இங்குள்ள உலகளந்த பெருமாள் கோயில். அதே ஊரில் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலும் இருக்கிறது. இது சிவனின் எட்டு வீரட்டத் தலங்களில் ஒன்று. ஆகவே சைவக் குழுவும் வைணவக் குழுவும் ஒரே தெருவில் எதிரெதிரே வருவது இங்கே சாதாரணம்.

ஆற்றின் வடகரையில் உள்ள அறையணிநல்லூரில் (இன்றைய அரகண்டநல்லூர்) நின்றுதான் சம்பந்தர் திருவண்ணாமலையைக் கண்டு தொழுதார் என்கிறது பெரியபுராணம். அன்று அடுத்த தலம் முதலில் கண்ணுக்குத் தெரியும், பிறகுதான் கால் அங்கே போய்ச் சேரும். இன்று சுமார் 35 கி.மீ. தூரத்தைப் பேருந்து ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. வழியில் உள்ளவை விடுபட்டுப் போகின்றன. ஆற்றில் கபிலர் குன்று என்ற பாறை ஒன்று உண்டு. பாரி இறந்தபின் அவன் மகளை மலையமானிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. மலையமான் குலத்தில் பிறந்த, இராசராசனின் தாய் வானவன் மாதேவி கணவனோடு தீயில் இறந்ததையும் அதே கல்வெட்டு கூறுகிறது. தரிசனம் முடிந்ததும் "வண்டி கிளம்புது" என்ற குரல் கேட்டு ஓடுகிறவர்களுக்கு இதைப் படிக்க நேரம் ஏது?

ஆனால் குழு யாத்திரையில் குறை மட்டும் பார்ப்பது நியாயம் ஆகாது. தனியாகப் போக முடியாத முதியவர்களையும் பெண்களையும் ஊர்களைப் பார்க்க வைத்தது இந்தப் பேருந்துதான்.

இவ்வூருக்குச் சிறப்பான கதை ஒன்று உண்டு. மழை பெய்த இரவில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்ததும், மூவர் நிற்கலாம் என்று எழுந்து நின்றார்கள். பிறகு நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள். அவர் பெருமாள். மூன்று திருவந்தாதிகள் பிறந்தது அப்போதுதான் என்பது வைணவ மரபு.

வந்தவரின் ஊரையோ குலத்தையோ கேட்காமல் இடம் கொடுத்த கதை இது. வரலாறு அப்படி நடக்கவில்லை. நந்தனார் நாயன்மாராகக் கோயிலுக்குள் சிலையாக நின்றார். அவர் குலத்து மக்களோ வெளியே நின்றார்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோர் சிலரை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வந்தது. அதற்குப் பிறகுதான் யாத்திரைக் குழுவில் பணம் கட்டிய யாரும் எந்தப் பெரிய கோயிலுக்குள்ளும் உரிமையோடு நுழைய முடிந்தது.

சட்டம் வந்தும் வேலை முடியவில்லை. இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலம் அருகே எடுத்தவாய்நத்தம் வரதராசப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசி நாளில், போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தார்கள். வெளியூர்ப் பேருந்தில் வருகிறவரிடம் யாரும் சாதி கேட்பதில்லை. உள்ளூர்க்காரருக்குத் தன் தெருக்கோடிக் கோயிலே தூரமாகிவிடுகிறது.

திருக்கோவலூருக்கு யாத்திரை போகிறவர்கள் கோபுரத்தோடு அந்த இடைகழியையும் நினைத்துக்கொள்வது நல்லது. மூவரும் எழுந்து நின்று இடம் கொடுத்த பிறகுதான் நான்காமவர் வந்தார்.