சட்டாம்பிள்ளையும் சேரிப்பள்ளியும்



ஆசிரியராகப் போகிறவருக்கு யார் கற்றுத் தருகிறார்? கல்வி வரலாறு எழுதுவோர் பாடத்திட்டத்தைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். இந்தக் கேள்வியை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். இதற்குள் சாதி இருக்கிறது. அதனால்தான் நாம் இதை நடுவில் வைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

திண்ணைப் பள்ளியில் வாத்தியார் ஒருவரே. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று, சிறுவர்களை மணலில் விரலால் எழுத வைப்பான், வாத்தியார் மேற்பார்ப்பார். ஒருவன் ஆசிரியனாக உருவாவதும் அங்கேதான் தொடங்கியது.

1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அனாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். தமிழ்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். சம்பளம் வாங்கிய உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் நடத்திக் காட்டினான். 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட சிறுநூல் வழியே அது 'மெட்ராஸ் முறை' என உலகெங்கும் போயிற்று.

ஆனால் சட்டாம்பிள்ளைக்குக் கற்றுத் தருவது யார் என்ற கேள்வி மிச்சமிருந்தது. 1846இல் இங்கிலாந்து அரசு அதற்கு ஒரு விடை கண்டது: 13 வயது மாணவரை 5 ஆண்டு தலைமையாசிரியரிடம் பயிற்சிக்கு அமர்த்துவது, நாளும் ஒன்றரை மணி நேரம் தலைமையாசிரியர் அவருக்குப் பாடம் சொல்வது, அதற்காகத் தலைமையாசிரியருக்குத் தனியே பணம் தருவது. மூத்தவரின் நேரத்துக்கு அரசு விலை வைத்தது.

இதைப் பெருமையாகச் சொல்பவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: அந்தத் திண்ணை யாருடையது? ஊர்த்தெருவில் ஒரு வீட்டின் முகப்பு அது. அந்தத் தெருவில் நடக்கவே தடுக்கப்பட்டவரின் பிள்ளை எப்படிச் சட்டாம்பிள்ளை ஆவான்? 1822இல் மன்றோ தொடங்கிய கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் பதிவாயினர். அதில் 'பிற சாதியார்' என்றொரு பத்தி உண்டு. அதைக் காட்டி எல்லோரும் படித்தார்கள் என்று வாதிடுகிறார்கள். அந்தப் 'பிற'வில் யார் யார், எங்கே உட்கார்ந்து படித்தார்கள் என்பதை அந்தப் பத்தி சொல்வதில்லை.

புனேயில் வேறொரு சங்கிலி உருவானது. சாவித்ரிபாய் புலே வீட்டில் ஜோதிராவிடம் எழுத்தறிந்தார். அகமதுநகரில் அமெரிக்க மிஷன் ஆசிரியை சிந்தியா ஃபாரரின் பள்ளியில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1848இல் பெண் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். புலே தம்பதியரின் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தாபாய், மாங்–மகார் மக்களின் துயரத்தை எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வந்தது. ஒரு மூத்த ஆசிரியர் கொடுத்த நேரம் இரண்டு கைமாறி, ஒடுக்கப்பட்ட பெண்ணின் எழுத்தாக வெளிவந்தது.

இங்கே 1893ஆம் ஆண்டின் 68ஆம் எண் அரசாணை பஞ்சமர் கல்விக்குச் சலுகைகள் தந்தது. 1894இல் ஆல்காட் தம் முதல் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். பள்ளிக்குக் கூரை கிடைத்தது. ஆசிரியர் கிடைப்பதுதான் கடினம். சாதி இந்து ஆசிரியர்கள் சேரிக்குள் வரத் தயங்கினார்கள். நம்மிடமிருந்தே ஆசிரியர்கள் வர வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கைகொடுக்க நம்மில் மூத்த ஆசிரியர் தலைமுறை ஒன்று அப்போது இல்லை.

இன்று இருக்கிறது. 2014 விதிமுறைப்படி பி.எட். இரண்டாண்டு, அதில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. அந்த வாரங்களில் நம் பிள்ளைகள் பலர், விடுப்பெடுத்தவருக்குப் பதிலாக வகுப்பைக் காக்கும் ஆளாகவே கழிக்கிறார்கள். 'எந்த ஊர், எந்தத் தெரு' என்று விசாரிக்க ஆசிரியர் அறையில் ஆள் உண்டு; பாடக்குறிப்பைப் படித்துப் பார்த்து, கடைசி வரிசையில் அமர்ந்து வகுப்பைக் கவனித்து, எங்கே தடுமாறினார் என்று பிறகு தனியே சொல்ல ஆள் அரிது.

அந்த ஆளாக நாம் இருக்க வேண்டும். நம் பள்ளிக்குப் பயிற்சிக்கு வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வாரத்தில் சில மணி நேரமாவது ஒதுக்குவோம். இட ஒதுக்கீடு அவரை வகுப்பறை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே கைபிடித்து அழைத்துச் செல்வது மூத்த ஆசிரியரின் வேலை.