லயத்து அடுப்படியின் கதை



பண்டார் தெங்காராப் பக்கம் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சிமெண்டு மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். பின்சுவரை இடித்து அடுப்படியை நீட்டுவார்கள். சுவரில் புகை உறிஞ்சும் விசிறி, கண்ணாடி முகப்பு வைத்த அடுப்பு, இரட்டைக் கதவு ஐஸ்பெட்டி என்று ஒவ்வொன்றாக வரும். "சார், எது வாங்கலாம், எவ்வளவு கடன் எடுக்கலாம்?" என்று நம்மிடம் கேட்கிற பெற்றோரும் உண்டு. அதற்கு விடை சொல்லுமுன், நம் அடுப்படி எந்த வழியாக இங்கு வந்து சேர்ந்தது என்று சற்றே திரும்பிப் பார்ப்போம்.

கங்காணிமார் ஆள் கட்டி அழைத்துவந்த காலத்தில் லயம் என்பது நீண்ட பலகைக் கட்டடம். நடுச்சுவருக்கு இருபுறமும் அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், சில இடங்களில் அதற்கு மேலும். அடுப்படிக்கென்று தனியிடம் பல லயங்களில் கிடையாது. தூண்மேல் நின்ற கட்டடமானால் அதன் அடியிலும், இல்லையேல் தாழ்வாரத்திலும் கல்லைக் கூட்டி உலை வைத்தார்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வீடும் நீரும் சுகாதாரமும் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று வகுத்தது. ஆயினும் பின்கட்டில் தனி அடுப்படியுள்ள வீடுகள் பரவலாக வந்தது போருக்குப் பிற்பாடுதான்.

துரை பங்களாவின் குசினியோ வேறு உலகம். வீட்டை விட்டுத் தள்ளி, கூரை போட்ட நடைபாதையால் இணைத்துக் கட்டியிருப்பார்கள். மின்சாரம் எட்டாத தோட்டங்களிலும் சில பங்களாக்களில் மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ்பெட்டி இருந்தது. நெருப்பைக் கொளுத்திக் குளிரை உண்டாக்குவதா என்று கேட்பீர்கள். சுவீடன் நாட்டு மாணவர்களான பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இருவர் 1922-ல் கண்ட முறை அது. விளக்கின் சூடு நீரில் கரைந்த அம்மோனியாவை ஆவியாக வெளியேற்றும். அந்த ஆவி குளிர்ந்து திரவமாகி, மறுபடியும் ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி 1925 முதல் இதைச் செய்து விற்றது. அதைத் துடைத்து வைத்தவர்கள் நம் பாட்டிமார்தாம். வீட்டுக்கு வந்தால் அவர்களுக்கு ஊதாங்குழல்.

தொழிலாளி வீட்டு அடுப்படியைப் பற்றி யாருமே சிந்திக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர், நகரசபை கட்டிய குடியிருப்புகளுக்காக ஓர் அடுப்படியை வரைந்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம், அவ்வளவுதான். ரயில்வண்டிச் சமையலறையைப் பார்த்து, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் அமைத்தார். அப்படி ஏறத்தாழ 10,000 அடுப்படிகள் அமைந்தன. இன்று கடைக்காரர் நமக்குக் காட்டும் 'கிச்சன் கேபினட்' அந்த வரைபடத்தின் பேரப்பிள்ளை எனலாம்.

நம் அடுப்படியை மாற்றியது வரைபடம் அன்று, செம்பனை. இதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. பால்மரக் காட்டில் விறகுக்குப் பஞ்சமில்லை. காய்ந்த கிளையும் மறுநடவுக்குச் சாய்த்த மரமும் வீட்டுக்கு வந்துவிடும். 1960-களிலிருந்து தோட்டந்தோட்டமாகப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை மட்டை விறகாகுமா? புகையைக் கக்கி அணைந்துபோகும். திரி வைத்த மண்ணெண்ணெய் அடுப்பும், அதன்பின் கேஸ் தோம்பும் லயத்துக்குள் நுழைய இதுவும் ஒரு காரணம். நாகரிக மோகத்தால் வாங்கினார்கள் என்று குறை சொல்பவர்கள் ஒருநாள் மட்டையை வைத்துச் சோறாக்கிப் பார்க்கட்டும்.

ஐஸ்பெட்டி வந்த கதையில் மட்டும் கொஞ்சம் வருத்தம் கலந்திருக்கிறது. அந்நாளில் பல தோட்டங்களுக்குச் சொந்த ஜெனரேட்டர்தான். பொழுது சாய்ந்தால் சில மணி நேரம் கரண்டு. நாங்கள் சிறு பிள்ளைகளாய் இருந்த லயத்தில் ஒரு குடும்பம் தவணைக்கு ஐஸ்பெட்டி எடுத்தது. இரவில் நீர் குளிரும். விடிந்தால் பெட்டி வெறும் அலமாரி. பள்ளிப் புத்தகங்களை எறும்பு அரிக்காமல் அதற்குள் வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் வெட்டு நின்றது, தவணையும் நின்றது. கடைக்காரர் லாரியோடு வந்துவிட்டார். அந்த அம்மா புத்தகங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பேசாமல் வழிவிட்டார். கட்டிய பணத்திற்குக் கணக்குக் கேட்க அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

கேட்டிருக்கலாம். 1967-ஆம் ஆண்டிலேயே வாடகைக் கொள்முதல் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டிருந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாங்குபவருக்கு நகல் தரவேண்டும், பொருளை எடுத்துச் செல்லுமுன் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. தையல் இயந்திரத்தைத் தவணைக்கு விற்கும் வழக்கத்தை அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி 1856-லேயே தொடங்கிவிட்டது. தவணை முறை வந்த வேகத்தில் அதன் சட்டம் நம் லயத்துக்கு வரவில்லை.

வீட்டு வேலையிலும் இதே கதைதான். 1966-லும், அதற்குப் பதிலாக 1990-லும் வந்த குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டங்கள் தொழிலாளர் குடியிருப்புக்கு அளவுகளை விதித்தன. ஆனால் வீடு தோட்டத்தினுடையது. வேலை போனால் வீடும் போகும். இது தெரிந்தும் பலர் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பின்னால் தகரக் கொட்டகை இறக்கி, சிமெண்டு மேடை கட்டி, வெள்ளை ஓடு பதித்தார்கள். தோட்டம் கைமாறியபோது தகரத்தைக் கழற்றிக்கொள்ள முடிந்தது. மேடையை எப்படித் தூக்கிச் செல்வது?

தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமான கெஜோரா 1972-ல் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அது காட்டை அழித்து எழுப்பிய புதுநகரங்களில் ஒன்று பண்டார் தெங்காரா. தோட்டத்தை விட்டு வந்து இத்தகைய நகரங்களில் சொந்த வீடு வாங்கிய குடும்பங்களுக்கு, இடித்துக் கட்டும் உரிமையே தலைமுறையில் முதல்முறையாகக் கிடைத்தது. தாய்மார்கள் அடுப்படியில் தொடங்குவதில் வியப்பென்ன?

எனவே கேட்கிறவர்களுக்கு நாம் சொல்லும் விடை இதுதான்: சுவரை இடிக்குமுன் உள்ளூர் ஆட்சியின் அனுமதியை வாங்கிக்கொள்ளுங்கள். பொருளை வாங்குமுன் மின்கம்பியைப் பாருங்கள். சாதாரண 13 ஆம்பியர் செருகி ஏறத்தாழ 3,000 வாட் வரையில்தான் தாங்கும். பெரிய மின்னடுப்புகள் பலவற்றிற்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு கடையின் விலைச்சீட்டில் இராது. ஒப்பந்த வேலைக்காரருக்கு முழுப்பணத்தையும் முதல்நாளே கொடுத்துவிடாதீர்கள். வேலை முடிய முடியக் கொடுங்கள். அம்மி தேய்ந்த கைக்கு ஓய்வு வேண்டுமானால், கண்ணாடி அடுப்புக்கு முன்னதாக மாவரைக்கும் இயந்திரத்தை வாங்கலாம் என்பது நம் கருத்து. வீட்டுக்கார ஐயாமார் இதற்கு முகம் சுளிப்பதும் நமக்குத் தெரியும்.

கேபினட் வாங்கும்போது பலகை என்ன மரம் என்று கேட்டுப் பாருங்கள். பால்மரப் பலகையாக இருக்கலாம். பூஞ்சையும் வண்டும் எளிதில் பிடிக்கும் என்று ஒருகாலத்தில் விறகுக்கே தள்ளிய மரம் அது. போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னர், 1980-களில் அது ஏற்றுமதிச் சரக்காகியது. மூவார் வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலிருந்து மேசையும் நாற்காலியுமாகக் கப்பலேறுகிறது. நம் பாட்டிமார் ஊதி ஊதி எரித்த அதே மரந்தான், இப்போது மெருகேறி, அடுப்புக்கு மேலே சுவரில் தொங்குகிறது.