கப்பல் கட்டுமானத்தில் கணினி உருவகப்படுத்தல்: இங்கால்சு வழக்கு

ஒரு தொழிலின் இயக்கத்தைச் சமன்பாடுகளாக அமைத்து ஓட்டிப் பார்ப்பது கணினி உருவகப்படுத்தல் ஆகும். கடையில் ஏற்படும் சிறு மாற்றம் விநியோகச் சங்கிலி வழியே தொழிற்சாலையை அடையும்போது பெரிதாகிவிடுவதை, ஜே ஃபாரெஸ்டர் 1961-இல் வெளியிட்ட நூலில் இம்முறையால் விளக்கினார்.

1970-களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள இங்கால்சு கப்பல் தளம், கடற்படைக்காக 30 நாசகாரிக் கப்பல்களையும் 5 படையிறக்கும் கப்பல்களையும் கட்டியது. செலவு பெருமளவு கூடியது. கடற்படை கேட்ட வடிவமைப்பு மாற்றங்களே காரணம் என்று கூறித் தளம் இழப்பீடு கோரியது. ஒரு வரைபடம் மாறினால் பொருள் வரத்து தாமதமாகும்; முடித்த வேலையையும் திரும்பச் செய்ய நேரும். இத்தொடர் விளைவைப் பியூ-ராபர்ட்ஸ் நிறுவனம் கணினியில் கணக்கிட்டது. மாற்றங்கள் இல்லாதிருந்தால் ஆகியிருக்கும் செலவையும் ஓட்டிப் பார்த்து ஒப்பிட்டது. 1978-இல் 44.7 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. வழக்குக்காகப் பிறந்த இக்கருவி, பின்னர் தளத்தின் திட்டமிடலுக்கும் உதவியது.