இரத்தக் குழாயில் இட்ட முடிச்சு

பிரான்ஸ் தேசத்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் சேனை 1552-ஆம் ஆண்டில் டாம்வில்லியே என்னும் கோட்டை நகரை முற்றுகையிட்டிருந்தபோது, உள்ளிருந்து வந்த பீரங்கிக் குண்டினால் கால் சிதைந்த கனவான் ஒருவரைச் சேனையோடு சென்றிருந்த ஆம்ப்ருவாஸ் பாரே என்னும் சத்திரவைத்தியரிடம் ஒப்படைத்தார்கள். காலை வெட்டி எடுப்பதன்றி வேறு வழியில்லை; வெட்டியபின் பெருகும் உதிரத்தை நிறுத்த, அக்காலத்து வழக்கப்படி, செக்கச் சிவக்கக் காய்ந்த இரும்பை வெட்டுவாயில் வைத்து அழுத்த வேண்டும். பாரே அன்று இரும்பைக் காய்ச்சவில்லை. அறுபட்ட இரத்தக் குழாய்களின் வாய்களை இடுக்கியினால் பற்றி இழுத்து நூலால் இறுக முடிந்தார்; காயம்பட்டவரும் பிழைத்தார்.

குழாயைக் கட்டலாம் என்னும் அறிவு அன்று பிறந்ததன்று. கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் செல்ஸஸ், உதிரம் பொங்கும் குழாயை இரண்டிடத்தில் கட்டி நடுவே அறுக்குமாறு எழுதியிருக்கிறார். நமது சுசுருத சம்ஹிதையோ உதிரத்தை நிறுத்த நான்கு உபாயங்களை வகுக்கிறது: துவர்ப்புச் சரக்குகளால் காயத்தைக் கூட்டுவது சந்தானம், குளிர்ச்சியால் உறையச் செய்வது ஸ்கந்தனம், சாம்பலால் ஆற்றுவது பாசனம், சுட்டுக் குழாய்களைச் சுருங்கச் செய்வது தகனம். ஏனைய மூன்றும் பயன்படாதவிடத்தே தகனம் என்று அந்நூல் வரிசை செய்திருப்பதில் நோயாளியின் வேதனையை உணர்ந்த நெஞ்சொன்று தெரிகிறது. ஐரோப்பாவிலோ கடைசியில் நிற்க வேண்டிய நெருப்பே முதலில் வந்து நின்றுவிட்டது.

பாரே நாவிதர்-வைத்தியர் மரபில் பயின்றவர். லத்தீன் பாஷையில் பாண்டித்தியம் இல்லாதவர். தாம் கண்டதையெல்லாம் பிரெஞ்சு மொழியிலேயே எழுதியவர். 1537-இல், டூரின் படையெடுப்பின்போது, வெடிமருந்து விஷம் என்னும் நம்பிக்கையால் துப்பாக்கிக் காயங்களில் கொதிக்கும் எண்ணெய் வார்த்துவந்த அவர், எண்ணெய் தீர்ந்துபோன ஒரு நாளில் முட்டையின் மஞ்சள் கருவும் ரோஜாப்பூத் தைலமும் டர்ப்பன்டைனும் கலந்து தடவினார். எண்ணெய் வார்க்கப்படாதவர்களே நோவு குறைந்து உறங்கியதை மறுநாட் காலையில் கண்டதுமுதல், ஆசிரியர் சொன்னதென்பதற்காக மனித உடலைச் சுடுவதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. 1564-இல் வெளியிட்ட நூலில், அங்கச் சேதத்தின்போது குழாய்களைக் கட்டும் முறையை விளக்கி, இரும்பைக் கைவிடும்படி சகவைத்தியர்களை வேண்டிக்கொண்டார். பாரிஸ் வைத்திய பீடத்தின் தலைவராயிருந்த கூர்மலான் அதைக் கண்டித்தபோது, எழுபதைக் கடந்த பாரே, போர்க்களங்களில் கழிந்த தமது ஆயுளையே சாட்சியாக வைத்து 1585-இல் விடையிறுத்தார்.

இவ்வளவிருந்தும் சூட்டுக்கோல் உடனே ஒழியவில்லை. இதற்குப் பண்டிதர்களின் பிடிவாதத்தை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. மயக்கமருந்து இல்லாத காலத்தில், அலறித் துடிக்கும் மனிதனின் தொடையை அறுத்துவிட்டு, குருதி வெள்ளத்தில் குழாய்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கட்டுவதற்கு அவகாசம் எங்கே? அந்தப் பிரவாகத்தைச் சற்றுநேரம் தடுத்துவைக்க ஒரு சாதனம் வேண்டியிருந்தது. 1674-இல் பெஸான்ஸோன் முற்றுகையில் மொரேல் என்பவர் கட்டுத்துணிக்குள் கோலைச் செருகி முறுக்கினார். 1718-இல் பாரிஸின் ஜான் லூயி பெத்தி, பிரதான நாடியின்மீது திருகாணியால் அழுத்தம் தரும் டூர்னிக்கெட் கருவியை அமைத்தார். உதவியாளின் கைவலிமையை நம்பாமல், வேண்டியபோது இறுக்கவும் தளர்த்தவும் முடிந்த பிறகே, பாரேயின் முடிச்சு சாதாரண சத்திரவைத்தியனுக்கும் கைவசமாயிற்று. 1846-இல் ஈதர் மயக்கம் வந்து, அவசரமும் ஒருவாறு நீங்கியது.

ஆயினும் மிகக் கொடிய தடை, கட்டும் நூலுக்குள்ளேயே இருந்தது. கட்டிய நூலின் நுனிகளைக் காயத்துக்கு வெளியே நீளத் தொங்கவிட்டு, உள்ளே சீழ் பிடித்து முடிச்சு அழுகிக் கழன்றபின் இழுத்தெடுப்பதே வழக்கம். சீழோடு குழாயின் சுவரும் அரிக்கப்பட்டு, நலமாகிவருகிறான் என்று வீட்டார் நம்பியிருந்த நோயாளி, பல நாட்களுக்குப் பிறகு திடீரென உதிரம் பெருகி மாண்டுபோவதுண்டு. முடிச்சில் பிழையில்லை, நூலோடு கிருமிகளும் உள்ளே புகுந்ததே கேடு. கிருமிகளைப் பற்றிய லூயி பாஸ்டரின் ஆராய்ச்சிகளால் இதனை உணர்ந்த சத்திரவைத்தியர் ஜோசப் லிஸ்டர், ஆட்டின் குடலிலிருந்து முறுக்கிய நூலைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்து, 1868-ஆம் ஆண்டின் கடைசி நாளில், மயக்கமுற்ற கன்றொன்றின் கழுத்து நாடியைக் கட்டிக் காயத்தை மூடினார். ஒரு மாதம் சென்று அறுத்துப் பார்த்தபோது சீழ் இல்லை. நூல் இருந்த இடத்தில் குழாயைச் சுற்றி உயிருள்ள திசு வளையம் உருவாகியிருந்தது. 1869-இல் அவர் இதனைப் பிரசுரித்தார். நூலின் நுனியை ஒட்ட நறுக்கி, முடிச்சை உள்ளேயே விட்டுக் காயத்தைத் தைத்து மூடும் துணிவு சத்திரவைத்தியர்களுக்கு அதன்பிறகே வந்தது.