பரணுக்கு ஏறும் வழி

தேக்காவில் டன்லப் ஸ்ட்ரீட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டின் பரணுக்கு நிரந்தரமாகப் படி வைக்க முடியுமா என்று பார்க்கப் போயிருந்தேன். இப்போது இருப்பது உட்கூரையில் இரண்டடிச் சதுரத்தில் ஒரு பலகைக் கதவும், சுவரில் சாய்த்த அலுமினிய ஏணியும்தான். உத்தரங்களின் நிலைமை தெரிய உட்கூரைப் பலகை ஒன்றைக் கழற்றச் சொன்னேன். உத்தரங்களின் அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாக ஆணித் துளைகள்.

"பழைய ஃபேன் மாட்டினதா தம்பி?" என்றார் வீட்டுக்காரர்.

ஃபேன் இல்லை. தடுப்புப் பலகை நின்ற இடம்.

கடைவீடு முகப்பில் குறுகல், உள்ளே நீளம். இரண்டு பொதுச் சுவர்களுக்கு நடுவே உத்தரம் போட்டு, அதன்மேல் பலகை பரப்பினால் தளம் ரெடி. மேலே களிமண் ஓடு. பகலெல்லாம் காய்கிற ஓட்டுக்கு அடியில் யார் இருக்கப்போகிறார்கள்? சில வீடுகளில் முகட்டின் மேல் குட்டிக்கூரை ஒன்று வைத்து அந்தச் சூட்டை வெளியேற்றினார்கள். பரணுக்குப் போவது சாமான்தான், அதற்கு ஏணி போதும்.

மனிதர்களுக்கு ஒதுங்க இடம் கீழே, மாடியில். 1907இல் வெளியான சிம்சனின் சுகாதார அறிக்கை, சன்னலே இல்லாத அறைகளாகத் தடுக்கப்பட்ட இந்த நீள வீடுகளைப் பற்றித்தான் கவலைப்பட்டது. பின்சந்து வெட்டச் சொன்னது. 1950களில் பாரிங்டன் கே, அப்பர் நான்கின் ஸ்ட்ரீட்டில் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோதும் அதே தடுப்பறைகள். அது சைனாடவுன் கதை. தேக்காவுக்கு அப்படியொரு புத்தகத்தை நான் படித்ததில்லை. எனக்குத் தெரிந்தது, அப்பர் டிக்சன் ரோடு பக்கம் ஒரு மாடியில் இருந்த என் தாத்தா சொன்னதுதான். "ஒரு பாய் அகலம், அவ்வளவுதான்யா" என்பார்.

1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையைப் பிடித்துக் கட்டிவைத்தது. குடியிருந்தவர்களுக்கு அது உயிர். உரிமையாளர்களோ ஓடு மாற்றக்கூடக் காசு போடவில்லை. 1989 ஜூலையில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. 2001இல் வாடகைச் சட்டமும் போயிற்று. அதன்பிறகு ஒவ்வொரு சதுர அடிக்கும் விலை, பரணுக்கும்தான். முகப்பையும் கூரையின் உருவத்தையும் மாற்ற விடமாட்டார்கள். ஆகவே கூரையை உயர்த்தாமல் உள்ளுக்குள்ளேயே வழி வெட்டவேண்டும்.

எங்கே வெட்டுவது என்பதுதான் எங்கள் தகராறு. வீட்டுக்காரருக்குப் பொதுச் சுவரையொட்டி நீளவாக்கில் படி வேண்டும், இடம் மிச்சம். ஆனால் உத்தரங்கள் குறுக்கே ஓடுகின்றன. அப்படி வெட்டினால் ஏழு உத்தரம் போகும், எல்லாம் துளையுள்ளவை. படியை உத்தரத்தோடு இணையாகத் திருப்பிப் பின்பக்கம் தள்ளினால் இரண்டு போதும். வெட்டிய முனைகளை ஒரு குறுக்குக்கட்டை தாங்கும், அதை இருபுறமும் இரட்டிப்பாக்கிய உத்தரங்கள் தாங்கும். இடம் கொஞ்சம் அடைபடும், உண்மைதான்.

பலம் என்ற காரணத்தைச் சொல்லியே அவரைச் சம்மதிக்க வைத்தேன். பொய் இல்லை. முழுக் காரணமும் இல்லை.

முகப்பு ஓவியத்துக்கும் வண்ணச் சன்னலுக்கும் வரைபடத்தில் இடம் உண்டு. ஆணித் துளைக்குக் குறியீடே கிடையாது. அளவெடுத்து, சின்ன வட்டங்களாகப் போட்டு, ஓரத்தில் 'பழைய தடுப்பு' என்று எழுதி அனுப்பினேன். மொத்தம் நாற்பத்திரண்டு வட்டங்கள்.